மானின் புட்டத்தில் தெரியும் மழைக்கணக்கு: பெங்களூரிலிருந்து பந்திப்பூர் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் கடைசியில் பெங்களூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிற நம்ம ஆட்கள், குண்டலுப்பேட்டை தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏண்ணா, மழை பெஞ்சு காடே பச்சைப் பசேல்னு கிடக்கு. இந்த மானுங்க மட்டும் ஏன் இப்படி எலும்பு தள்ளி நிக்குது?" அதே ஆட்கள் பொங்கல் விடுமுறையில் போனால் காட்சி தலைகீழ். புல்லெல்லாம் பழுத்துச் சாய்ந்திருக்கும், மான்கள் வழுவழுவென்று உருண்டு திரண்டு நிற்கும்.

மானின் உடம்பில் இருக்கிற கொழுப்பு இன்றைய வானிலையைக் காட்டாது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன மழை பெய்தது, அந்த மழையில் என்ன முளைத்தது, அதில் மானுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைத்தான் காட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சஃபாரி ஜீப்பில் உட்கார்ந்தபடியே ஒரு மந்தையின் போன பருவத்தைப் படித்துவிடலாம். மற்றவர்கள் புலிக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்களுக்கு நல்ல வேலை கிடைக்கும்.

படி 1: கொழுப்பு எங்கே சேர்கிறது, எந்த வரிசையில் கரைகிறது

இது தெரியாமல் காட்டுக்குப் போய்ப் பயனில்லை. அதனால் இதை நிதானமாகவே சொல்கிறேன்.

மான் கொழுப்பை முக்கியமாக நான்கு இடங்களில் வைத்துக்கொள்கிறது. தோலுக்கடியில், அதிலும் முதுகின் பின்பகுதியிலும் புட்டத்திலும் வால் முளைக்கிற இடத்தைச் சுற்றியும். அடுத்து வயிற்றுக்குள், குடலைப் போர்த்திய சவ்விலும் சிறுநீரகத்தைச் சுற்றியும். மூன்றாவது, இதயத்தின் மேல். நான்காவது, எலும்பு மஜ்ஜையில். தீனி குறைந்தால் ஏறக்குறைய இதே வரிசையில்தான் செலவாகும். முதலில் தோலடிக் கொழுப்பு போகும், பிறகு வயிற்றுக் கொழுப்பு, கடைசியில் மஜ்ஜை. கொழுப்பு கரையத் தொடங்கியபின் தசையும் சேர்ந்தே இளைக்கும்.

நமக்கு வெளியிலிருந்து தெரிவது முதல் இடம் மட்டும்தான். ஆகவே புட்டம் வற்றிய மானைப் பார்த்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை, உள்ளே இன்னும் கையிருப்பு இருக்கலாம். ஆனால் வெளியே இருந்தது தீர்ந்துவிட்டது என்பது உறுதி.

விலங்கு மருத்துவர்களும் ஆய்வாளர்களும் உள்ளே பார்க்கிற முறைகள் வேறு. 1949-லேயே அமெரிக்காவில் மான்களின் மஜ்ஜையைப் பார்த்துப் பட்டினியைக் கண்டறியும் முறை எழுதப்பட்டுவிட்டது. நன்றாகத் தின்ற மானின் தொடையெலும்பை உடைத்தால் மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். பட்டினியில் செத்த மானில் அது சிவந்து, நீர்த்து, கொழகொழவென்று கிடக்கும். புலியோ செந்நாயோ தின்று மிச்சம் வைத்த எலும்பிலும் இதைப் பார்க்கலாம் என்பதால் களப்பணியாளர்களுக்கு இது வசதி. ஆனால் மஜ்ஜை ஒரு பக்கச் சாட்சிதான். மஜ்ஜை வற்றியிருந்தால் மான் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். மஜ்ஜை நன்றாக இருந்தால் மான் கொழுத்திருந்தது என்று சொல்லிவிட முடியாது, மற்ற மூன்று இடமும் காலியாகியிருக்கலாம்.

1955-ல் நியூசிலாந்தின் செம்மான்களை ஆராய்ந்த ரைனி, சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பின் எடையைச் சிறுநீரகத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்லும் கணக்கைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதே ரைனி 1960-ல் உயிரோடு நிற்கிற விலங்கைத் தூரத்திலிருந்து பார்த்தே மூன்று தரமாகப் பிரிக்கும் எளிய முறையையும் எழுதினார். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். படி 4-ல் அதற்கு வருகிறேன்.

படி 2: எந்த மழை, எந்தப் புல்

பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை மூன்றும் ஒட்டியே கிடந்தாலும் மழை ஒரே மாதிரி இல்லை. மேற்கே நாகரஹொளே, வயநாடு பக்கம் தென்மேற்குப் பருவமழையே பிரதானம். கிழக்கே போகப் போக நீலகிரியின் மழைமறைவு. மசினகுடி, சீகூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்கு மழையை நம்பித்தான் புல் இருக்கிறது. முதுமலைக்குள்ளேயே கிழக்கு ஓரத்தில் ஆண்டுக்கு 600 மி.மீ. அளவில்தான் பெய்யும், மேற்கு ஓரத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொட்டும். ஒரே நாளில் மசினகுடியிலிருந்து தெப்பக்காடு வழியாகப் பந்திப்பூர் வரைக்கும் வண்டியில் வந்தாலே இரண்டு மூன்று வகைக் காட்டைப் பார்த்துவிடலாம்.

ஆண்டின் ஓட்டம் தோராயமாக இப்படி இருக்கும். சித்திரை, வைகாசியில் இடியோடு கோடைமழை விழும். எரிந்த இடங்களிலும் திறந்த வெளிகளிலும் முதல் துளிர் தலைகாட்டும். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை புல் வளரும். ஐப்பசி, கார்த்திகையில் புல் பூத்து விதைவிடும். கிழக்குப் பகுதியில் அப்போதுதான் இரண்டாவது பசுமை. மார்கழியிலிருந்து காயத் தொடங்கி மாசி, பங்குனியில் சரகாகிவிடும்.

புல் உயரமாக வளர்ந்திருந்தால் மானுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அப்போதுதான் முளைத்த புல்லில் புரதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். முற்றி, தண்டு விட்டு, காய்ந்த புல்லில் அது 3, 4 சதவீதமாக இறங்கிவிடும். அசைபோடுகிற விலங்கின் முதல் இரைப்பையில் நாரைப் பிரிக்கிற நுண்ணுயிர்களுக்கே புரதம் வேண்டும். தீனியில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை தளர்ந்துவிடும். நார் செரிக்க நேரமாகும், வயிறு சீக்கிரம் காலியாகாது, காலியாகாத வயிற்றில் அடுத்த வாய் இறங்காது. கோடையில் மான் வயிறு நிறையத் தின்றுகொண்டே இளைப்பது இதனால்தான். தலையை ஆட்டி ஆட்டிச் சரகைத் தின்கிற மானைப் பார்த்து "தீனிக்கென்ன குறைச்சல்" என்று சொல்லிவிட வேண்டாம்.

ஆளுயரம் வளர்ந்த மாந்தப்புல், போதைப்புல் வகைகளை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே புள்ளிமான்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும். தாழ்வாகக் கறித்த புல்வெளிகளைத் திரும்பத் திரும்ப மேய்ந்து அவை தங்களுக்குத் தாங்களே துளிர்ப்புல்லை உண்டாக்கிக்கொள்கின்றன. மந்தை ஒரே திடலைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு ஒரு காரணம் இது.

படி 3: எங்கே நின்று பார்ப்பது

சாலையோர மான்களை வைத்துக் காட்டைக் கணக்கிடாதீர்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வனத்துறை புதரை வெட்டி வைக்கிறது. அங்கே புல் எப்போதும் தாழ்வாக, கொஞ்சம் பச்சையாக இருக்கும். போதாக்குறைக்கு காரை நிறுத்தி முறுக்கும் வாழைப்பழமும் வீசுகிற புண்ணியவான்கள் வேறு. அந்த மான்கள் உள்காட்டு மான்களுக்குப் பிரதிநிதி ஆகமாட்டா. தீத்தடுப்புக் கோடுகளில் நிற்கிற மந்தைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கபினி பக்கம் கதை இன்னும் சுவாரசியம். 1974-ல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் நாகரஹொளேக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் கிடக்கிறது. மாசி முதல் தண்ணீர் இறங்க இறங்க, வெளியே வந்த ஈரமண்ணில் புதுப்புல் முளைக்கும். காடெல்லாம் காய்ந்து கிடக்கிற அதே ஏப்ரலில் நீர்த்தேக்கக் கரை பச்சைப் பாய் விரித்திருக்கும். யானைகள் நூற்றுக்கணக்கில் அங்கே கூடுவது ஊரறிந்த விஷயம். புள்ளிமான்களும் கூடுகின்றன. ஆக, அதே கோடையில் கரையில் மேய்கிற மந்தையும், இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி வறண்ட காட்டில் நிற்கிற மந்தையும் ஒரே உடல்வாகில் இருக்காது. "இந்த வருஷம் மான்கள் நன்றாக இருக்கின்றன" என்று கபினியை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. புள்ளிமான் வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் குடிக்க வேண்டிய விலங்கு. எனவே கோடையில் அது குளம் குட்டையை விட்டு அதிக தூரம் போக முடியாது. குளத்தைச் சுற்றியுள்ள புல் முதலில் தீரும். சூரியசக்தி மோட்டார் வைத்து வனத்துறை குட்டைகளை நிரப்புகிறது, நல்ல காரியம்தான், தாகத்தில் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் தண்ணீர் இருக்கிற இடத்தில் கூட்டம் சேர்ந்து, இருக்கிற தீனியும் விரைவாக முடிந்துபோகும். வறட்சி ஆண்டில் மான் மெலிவதற்குத் தாகத்தைவிடப் பட்டினிதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. குட்டை நிறைந்த படத்தைப் பார்த்து நிம்மதி அடைவதில் எனக்கு உடன்பாடில்லை.

படி 4: புட்டத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பது

பக்ரீத் சமயத்தில் பெங்களூர் ஆட்டுச் சந்தைகளில் வியாபாரி என்ன செய்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். பன்னூர் ஆட்டின் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். எலும்பின் முனை விரலில் குத்தினால் விலை இறங்கும், சதைக்குள் விரல் அமுங்கினால் ஏறும். அவர் விரலால் செய்வதை நாம் கண்ணால் செய்யப்போகிறோம்.

முதலில் கண்ணைப் பழக்க வேண்டும். பன்னேருகட்டா உயிரியல் பூங்காவின் தாவர உண்ணிகள் சஃபாரியில் புள்ளிமான், கடமான் இரண்டும் இருக்கின்றன. அவற்றுக்குத் தினமும் தீனி போடுகிறார்கள். கொழுத்த மான் என்றால் எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காட்டு மானை அளக்க அது அளவுகோல் ஆகாது, ஆனால் மேல் எல்லை தெரிந்துவிடும்.

காட்டில், மான் பக்கவாட்டில் நிற்கும்போது ஒரு படம், பின்பக்கம் காட்டும்போது ஒரு படம். முகத்தை எடுத்து இதற்குப் பயனில்லை. கைபேசிக் கேமரா போதாது, ஜூம் நன்றாக இருக்கிற சாதாரண கேமராவே போதும். பிறகு பார்க்க வேண்டியது இடுப்பெலும்பின் முனைக்கும் வால் அடிக்கும் நடுவே ஓடுகிற கோடு.

அந்தக் கோடு வெளியே வளைந்து, உருண்டையாக, எலும்பு எதுவும் தெரியாமல் இருந்தால் முதல் தரம், "நன்று". கோடு தட்டையாகி, இடுப்பெலும்பின் மூலை லேசாகத் துருத்தி, முதுகுத்தண்டு ஒரு மேடாகத் தெரிந்தால் இரண்டாம் தரம், "சுமார்". கோடு உள்ளே குழிந்து, வால் அடியின் இரு பக்கமும் பள்ளம் விழுந்து, முதுகெலும்பின் முட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால் மூன்றாம் தரம், "மெலிவு". அவ்வளவுதான். இதை ஐந்தாகப் பத்தாகப் பிரிக்கிற அட்டவணைகளும் உண்டு. ஜீப் குலுங்குகிற குலுக்கலில் மூன்றுக்கு மேல் பிரித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

விலாவை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். நல்ல உடல்நிலையில் இருக்கிற புள்ளிமானிலும் மூச்சிழுக்கும்போது கடைசி இரண்டு மூன்று விலா தெரியும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். காலை ஆறரை மணி வெளிச்சத்தில் எல்லா மானும் பட்டினி மானாகத்தான் தோன்றும். புட்டத்தின் வடிவம் வெளிச்சத்துக்கு அவ்வளவு ஏமாறாது.

படி 5: ஏமாற்றுகிற விஷயங்கள்

முதல் ஏமாற்றுக்காரன் வயிறு. காய்ந்த தீனி தின்கிற மானுக்கு வயிறு பானை போலத் தொங்கும், செரிக்காத நார் அடைத்துக்கொண்டிருப்பதால். சினைமானுக்கும் அப்படியே. வயிற்றை முழுக்க மறந்துவிடுங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பெலும்புக்கு முன்னால் விழுகிற குழியும் இன்று மேய்ந்ததா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும், கொழுப்பைச் சொல்லாது.

இரண்டாவது, நனைந்த ரோமம். மழையில் நனைந்த மான் எப்போதும் ஒரு தரம் கீழே தெரியும். ரோமம் உதிர்கிற காலத்துக் கடமானும் அப்படித்தான், திட்டுத் திட்டாகச் சொறிபிடித்தது போலிருக்கும். அதோடு கடமானின் கழுத்தின் கீழ்ப்பக்கம் முடியில்லாத, சில சமயம் ரத்தம் கசிகிற ஒரு புண் தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் "அய்யோ பாவம், அடிபட்டிருக்கு" என்பார்கள். கடமான்களில் அது வெகு சாதாரணம், மெலிவுக்கு அடையாளமில்லை.

ஆண் மானைத் தனியாகக் குறிக்க வேண்டும். இணைசேரும் முறுக்கில் இருக்கிற ஆண், கழுத்து தடித்து, குரல் கொடுத்துக்கொண்டு, மற்ற ஆண்களை விரட்டிக்கொண்டு திரியும். மேய்ச்சல் அதற்கு இரண்டாம் பட்சம். குளிர்நாட்டு மான்களில் இந்தச் சில வாரங்களில் ஆணின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிடுவது வழக்கம். புள்ளிமானுக்கு ஒரே பருவம் என்று கட்டாயமில்லை. ஒரே மந்தையில் ஒன்றின் கொம்பு கெட்டிப்பட்டிருக்கும், ஒன்றுக்கு மென்தோல் போர்த்தியிருக்கும், இன்னொன்று மொட்டையாக நிற்கும். ஆகவே மெலிந்த ஒரு ஆணைப் பார்த்து மழையைக் குற்றம் சொல்ல முடியாது. கொம்பு வளர்க்கவே தனிச் செலவு. அதற்கான சுண்ணாம்புச்சத்தில் ஒரு பகுதியைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உதிர்ந்த கொம்பை மான்கள் வாயில் வைத்துக் கறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வியக்காதீர்கள், தாதுப்பற்றாக்குறையைச் சரிக்கட்டுகிற வழி அது.

பெண்மானில் சினையைவிடப் பாலூட்டல்தான் அதிகம் உறிஞ்சும். பக்கத்தில் சிறு குட்டி ஒட்டி நின்றால் அந்தப் பெண்ணை வேறு பத்தியில் எழுதுங்கள். வருடத்தின் வானிலையைச் சொல்ல மிகவும் நம்பகமான சாட்சி, குட்டி இல்லாத வளர்ந்த பெண்மான். பல் தேய்ந்த கிழட்டு மான், குடற்புழு முற்றிய மான், இவையெல்லாம் எந்த மழையிலும் மெலிவாகவே இருக்கும். அதனால்தான் ஒன்றிரண்டைப் பார்த்து முடிவெடுக்காமல் மந்தை முழுக்க எண்ண வேண்டும்.

படி 6: என்ன தின்கிறது என்று பார்ப்பது

புள்ளிமான் மழைக்காலத்தில் பெரும்பாலும் புல்தான் மேயும். புல் காயக் காய இலை, பூ, பழம் என்று மாறும். கடமான் தொடக்கத்திலிருந்தே இலை, தழை, பட்டை, பழம், புல் என்று கலந்து தின்கிற ஆள். வறட்சி ஆண்டில் புள்ளிமான் மந்தை "மெலிவு" பக்கம் சாய்ந்திருக்கும்போது கடமான் "சுமார்" என்று தாக்குப்பிடித்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

தை, மாசியில் மரத்தடிகளைப் பாருங்கள். நெல்லிக்காய் உதிர்ந்து கிடக்கும், இலவம்பூ விழும், முருக்கம்பூ விழும். மேலே மந்திகள் இருந்தால் இன்னும் விசேஷம். அவை பாதி கடித்துப் போடுகிற தளிரும் காயும் கீழே நிற்கிற மான்களுக்கு விருந்து. தரையில் ஒன்றும் இல்லாத பங்குனியில் இந்த மேல்வரும்படி சின்ன விஷயமில்லை.

உண்ணிச்செடியைக் கவனிக்காமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. பந்திப்பூரிலும் முதுமலையிலும் மரங்களுக்கடியில் பச்சையாகத் தெரிவதில் பெரும்பங்கு அதுதான். ரோஜாவும் மஞ்சளும் கலந்த பூ, பார்க்க அழகு, மானுக்குத் தின்ன உதவாது, நச்சும் கூட. அது அடர்ந்த இடத்தில் புல்லுக்கு வெயில் இறங்காது. ஆக நல்ல மழை பெய்தும் தீனி கூடாத காடு ஒன்று உருவாகியிருக்கிறது. "காடு பச்சையாத்தானே இருக்கு" என்பவருக்கு நான் கொடுக்கிற பதில், எந்தப் பச்சை என்று இறங்காமல் உற்றுப் பாருங்கள் என்பதுதான். மஞ்சள் பூக்கொத்து தொங்குகிற, கொன்றை மாதிரியே இருக்கிற அந்நிய மரம் ஒன்றும் முதுமலை, வயநாடு பக்கம் இதே வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டில் அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

தீ இருமுனைக் கத்தி. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தது. எரிந்தபின் கோடைமழை விழுந்தால் சாம்பலில் துளிர் சீக்கிரம் வரும், மான்கள் அங்கே குவியும். மழை தள்ளிப்போனால் இருந்த சரகும் போய், மரத்திலிருந்து விழவேண்டிய காய்ப்பும் போய், வெறும் கரிக்காடுதான். அடுத்த மழை எப்போது என்பதைப் பொறுத்தே தீயின் பலன் அமையும்.

ஊர்மாடுகளும் இதே புல்லுக்குப் போட்டி. பந்திப்பூர் ஓரத்தில் ஒரு பகுதியில் மாடுகள் குறைந்தபின் காட்டுத் தாவர உண்ணிகள் திரும்பப் பெருகியதை ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

படி 7: மழை விழுந்த முதல் வாரங்கள்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். வைகாசி, ஆனியில் துளிர் வருகிறது, ஆனால் மான் தன் கையிருப்பின் அடிமட்டத்தில் நிற்கிறது. முதல் துளிரில் தண்ணீர்தான் அதிகம். சரகுக்குப் பழகிய இரைப்பை நுண்ணுயிர்கள் திடீரென்று வந்த பசும்புல்லுக்கு மாறச் சில நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வயிற்றுப்போக்கு வரும். பாதையில் தனித்தனி உருண்டையாகக் கிடக்க வேண்டிய புழுக்கை, ஒட்டிய கட்டியாகவோ குழம்பாகவோ கிடப்பதை ஜீப்பிலிருந்தே பார்க்கலாம். மெலிந்த உடம்பில் இரவு முழுக்க மழையும் குளிர்காற்றும் பட்டால் சூடு காக்கவே சக்தி செலவாகும். நம் கிராமங்களில் கோடை முழுக்கத் தாங்கிய மாடு முதல் மழையில் படுத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வது இதே கதைதான்.

பிறகு முதலில் தசை தேறும், அதற்குப் பின்தான் கொழுப்பு ஏறும். ஆகஸ்ட் வாக்கில் "சுமார்" பெருகும், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை "நன்று" அதிகமாக இருக்கும். யானைகளிலும் இந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் முதுமலை, பந்திப்பூர் யானைகளின் உடல்தரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, சாணத்தில் மன அழுத்த ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். வறண்ட காலத்தில் உடல்தரம் இறங்கியும் ஹார்மோன் ஏறியும் இருந்தது.

கொஞ்சம் வெளியூர்: பனியும் நம்ம புள்ளிமானும்

குளிர்நாட்டு மான்களைப் பற்றிப் படித்துவிட்டு அதே கணக்கை இங்கே போடக்கூடாது. அங்கே வெள்ளைவால் மான், பகல்பொழுது குறையத் தொடங்கியதும் இலையுதிர்காலத்தில் தானாகவே கொழுப்பேற்றும். குளிர்காலத்தில் தீனி வைத்தாலும் குறைவாகவே தின்னும், எடையில் கால்பங்கு வரை இழந்து வசந்தத்தைப் பிடிக்கும். அங்கே கடிகாரம் சூரியன், இங்கே மழை.

தீனி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா பக்கம் பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவு எல்லாரும் சொல்கிற உதாரணம். 1944-ல் 29 கலைமான்களை (பனிநாட்டு ரெயின்டீர்) அங்கே விட்டார்கள். வேட்டையாட ஓநாய் இல்லை. 1963-ல் அவை 6,000 ஆகிவிட்டன. 1957-க்கும் 1963-க்கும் இடையிலேயே வளர்ந்த மான்களின் சராசரி எடை ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கியிருந்தது. அடுத்த கடுங்குளிர்காலம் அடித்துத் தள்ளியது. 1966-ல் எண்ணியபோது 42 தான் மிச்சம். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோதே எடை இறங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். தலையை மட்டும் எண்ணாமல் புட்டத்தையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் புள்ளிமானே வெளிநாட்டில் இரண்டு பாடம் சொல்லியிருக்கிறது. 1860-களில் ஹவாய்த் தீவுகளுக்கும், 1930-களில் டெக்சஸுக்கும் கொண்டுபோனார்கள். இயல்பாகவே அதிகம் கொழுப்பு சேர்க்காத இனம் அது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் அடித்த உறைபனியில் புள்ளிமான்கள் நிறையச் செத்தன. அதே ஆண்டு ஹவாயில் வறட்சி வந்தபோது மாவி, மொலோக்காய் தீவுகளில் பட்டினியால் மடிந்தன.

படி 8: எழுதி வைத்து, மழையோடு பொருத்துவது

நோட்டில் ஒரு மந்தைக்கு ஒரு வரி போதும். தேதி, இடம், இனம், ஆண் எத்தனை, குட்டியோடு பெண் எத்தனை, குட்டியில்லாத பெண் எத்தனை, ஒவ்வொன்றிலும் நன்று, சுமார், மெலிவு எத்தனை. ஓரத்தில் புல்லின் உயரம், நிறம், புழுக்கையின் நிலை. வீட்டுக்கு வந்தபின் படங்களை இன்னொருவரிடம் கொடுத்துத் தேதியைச் சொல்லாமல் தரம் போடச் சொல்லுங்கள். மழைக்காலப் படம் என்று தெரிந்தாலே நம் கண் ஒரு தரம் ஏற்றிப்போடும்.

மழைக்கணக்குக்கு அலைய வேண்டாம். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் ஹோப்ளி (தாலுகாவின் உட்பிரிவு) வாரியாக மழை அளவு வெளியிடுகிறது. குண்டலுப்பேட்டை, எச்.டி. கோட்டை தாலுகாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மசினகுடி பக்கத்துக்கு நீலகிரி மாவட்ட மழை விவரம். பார்த்த நாளுக்கு முந்தைய ஒரு மாத மழை, முந்தைய மூன்று மாத மழை என்று இரண்டு பத்தி போட்டு, குட்டியில்லாத பெண்களில் "நன்று" எத்தனை பங்கு என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதப் பத்தியோடு அது அவ்வளவாக ஒட்டாது. மூன்று மாதப் பத்தியோடு ஒட்டும். ஒட்டாவிட்டால் உண்ணிச்செடி, தீ, கபினிக்கரை, சாலையோரம் என்று மேலே சொன்னவற்றில் ஒன்று குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வருஷத்தில் மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி என்று நான்கு காலத்தையும் ஒரே வழித்தடத்தில் பார்ப்பது நல்லது. பந்திப்பூருக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை இருப்பதால், மாலை சஃபாரியை முடித்துவிட்டு நேரத்தோடு வெளியே வர வேண்டும். வண்டியை விட்டு இறங்குவதும் எலும்பையோ கொம்பையோ எடுப்பதும் சட்டப்படி குற்றம். நடக்க முடியாமல் தனியாக நிற்கிற மானைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனக்காவலரிடம் சொல்லுங்கள், பிஸ்கட் போடாதீர்கள். சரகுக்குப் பழகிய இரைப்பையில் திடீரென்று மாவுச்சத்து விழுந்தால் அமிலம் ஏறி அதுவே உயிருக்கு உலைவைக்கும்.

முதல் வருஷக் குறிப்பு கையில் இருந்தால் இரண்டாம் வருஷம் முன்கூட்டியே ஊகித்துப் பார்க்கலாம். ஐப்பசியில் மசினகுடி மழை ஏமாற்றியிருந்தால், பிப்ரவரியில் அந்தப் பக்கத்துக் குட்டியில்லாத பெண்மான்களில் எத்தனை பங்கு "மெலிவு" வரும் என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.